சவுதார் குளமும் நமது குடிநீர் உரிமையும்

ஊர்கள் எல்லாம் நீர்நிலைகளை ஒட்டியே தோன்றின. ஆயினும் அந்நீரை மொள்ளும் உரிமை எல்லோர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. ஆடுமாடுகள் இறங்கிய குளத்தில் மனிதருள் ஒரு பகுதியினர் இறங்கலாகாது எனத் தடுக்கப்பட்டனர். அத்தடை தகர்ந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே அவர்களும், 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் கொணர்ந்த தீர்மானங்கள், பொதுக் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்று நிலைநாட்டின. மகாராட்டிரத்தின் மகாடு நகராட்சியும் 1924-இல் தன் சவுதார் குளத்தை எல்லோர்க்கும் பொதுவாக்கியது. ஆனால், ஏட்டளவில் திறந்த குளம் நடைமுறையில் திறக்கவில்லை.

20-3-1927 அன்று டாக்டர் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களுடன் அமைதியாக நடந்து சென்று, அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் மக்கள் தாக்கப்பட்டனர். 108 குடம் நீரை முகந்து, சாணமும் கோமியமும் முதலியன கலந்து மீண்டும் ஊற்றி, குளத்தைத் 'தூய்மை' செய்தனர் மேற்சாதியார். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே நீக்கிவிட்டது. வழக்கு நடந்தது. 17-3-1937 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம், தடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, நம் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டுகள்!

மனிதன் கை பட்டதால் நீர் கெடுவதில்லை. மலம் கலந்தால் கெடுகிறது. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் அவ்வழியே பரவுகின்றன. சாதி இதனைத் தலைகீழாகக் கற்பித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கிணறு, குளங்களில் பாகுபாட்டைத் தடுத்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூகத்தார் பருகிய மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. சட்டம் மட்டும் நீரைக் காவாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, இளைஞர்களே! தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-இலும் கிராமசபை கூடுகிறது. அங்கே சென்று அமருங்கள். தொட்டி எப்போது கழுவப்பட்டது, குளோரின் இடப்பட்டதா, குழாய் நம் தெருவின் கடைசி வீடு வரை வந்ததா எனக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். கழிப்பறைக் குழியைக் கிணற்றிற்கு அருகில் தோண்டாதீர். குடிநீரை மூடி வையுங்கள். உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மகாட்டில் வென்ற உரிமை, ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் தூய நீராக நிறைந்தால்தான் முழுமை பெறும்.