பஞ்சமி நிலம்: ஓர் ஆய்வும் ஓர் அரசாணையும் புகட்டும் பாடம்

உலக நாடுகள் பலவும் இன்று 'நீடித்த வளர்ச்சி' என்னும் கொள்கையைப் போற்றுகின்றன. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, வருங்காலத் தலைமுறையின் வாழ்வுக்கு ஊறு நேரக்கூடாது என்று 1987-ஆம் ஆண்டில் புருண்ட்லண்ட் ஆணையம் அதற்கு இலக்கணம் வகுத்தது. பெற்றோர் அடைந்த வாழ்வு பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் நிலைக்க வேண்டும் என்பதே இதன் சாரம். இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, நம் மக்களின் பொருளாதார உயர்வைக் கருதி ஓர் ஆய்வும், அதன் வழியே ஓர் அரசாணையும் நம் மண்ணில் தோன்றின. கல்விப் பணியில் 25 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வேளையில், அவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஏட்டளவில் ஒழித்தது. ஆயினும் நிலமற்ற உழவுத் தொழிலாளர் நிலை மாறவில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர், 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். தரிசு நிலத்தைப் பெறுவதிலும் மிராசுதார்களுக்கே முன்னுரிமை இருந்தது. குடிசை நின்ற மனையும் உழைப்பவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் வீட்டையும் இழக்க நேரிடும். வறுமைக்குக் காரணம் சோம்பலன்று, உரிமையின்மையே என்பதை அவ்வறிக்கை புலப்படுத்தியது. நிலம், மனை, கல்வி ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பது அதன் கருத்து.

இதன் பயனாக 1892 செப்டம்பர் 30-இல் வருவாய்த் துறையின் 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படை செய்ய அது வழிவகுத்தது. அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் அவ்வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள். சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. தலைமுறைதோறும் நிலம் நிலைக்க வேண்டும் என்ற தொலைநோக்கு அந்நிபந்தனைகளில் உள்ளதை நாம் மறுப்பதற்கில்லை.

அவ்வாறாயின் அந்நிலங்கள் எங்கே? நிலம் பெற்றவனிடம் ஏர் மாடும் இல்லை, விதை நெல்லும் இல்லை, கிணறும் இல்லை. கடன் கொடுக்க இருந்தவர் ஊர்ப் பெருநிலக்காரர் ஒருவரே. கைநாட்டு வைத்த தாளில் எழுதியிருப்பது யாதென அவன் அறியான். இவ்வாறு நிபந்தனை ஏட்டில் இருக்க, நிலம் பிறர் கைக்குச் சென்றது. அதனைக் காக்க வேண்டிய அதிகாரிகளும் பல ஊர்களில் வாளாவிருந்தனர். காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுக்கு முந்திய ஓர் அரசாணையை நிறைவேற்றக் கோரியோர் கொடுத்த விலை அது.

மற்றோர் ஆய்வையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்ந்து 1918-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. திருமணச் செலவுக்கு வாங்கிய சிறு கடனுக்காகப் படியாள்கள் வாழ்நாள் முழுவதும் கட்டுண்டு கிடந்ததை அந்நூல் காட்டிற்று. அதே ஊர் 1981-இலும் 2008-இலும் மீண்டும் ஆராயப்பட்டது. படியாள் முறை மறைந்தது. வேளாண்மைக்கு அப்பாற்பட்ட வேலைகள் பெருகின. பெருநிலக்காரரின் பழைய ஆதிக்கம் தளர்ந்தது. ஒரே ஊரைத் தலைமுறைதோறும் சென்று காணும் இத்தகைய ஆய்வே, வளர்ச்சி நிலைத்ததா என்பதை நமக்கு உணர்த்தும்.

1891-இல் சுட்டப்பட்ட மனையுரிமைக் குறை தீரவும் நெடுங்காலம் சென்றது. வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-இல்தான் வந்தது. இடைப்பட்ட 80 ஆண்டுகளில் எத்தனை தலைமுறைகள் அச்சத்திலேயே வாழ்ந்து மடிந்தன!

இவற்றால் நாம் அறிவது யாது? ஆய்வு உண்மையைக் காட்டும். அரசாணை உரிமையை அளிக்கும். அவ்வுரிமையைத் தலைமுறைதோறும் காக்க நீர், கடனுதவி, கண்காணிப்பு, கல்வி ஆகிய நான்கும் உடன்வர வேண்டும். இவற்றுள் கல்வி நம் கையில் உள்ளது. நம் மாணவர்கள் பட்டம் பெறுவதோடு அமையாது, பட்டாவையும் சிட்டாவையும் அடங்கலையும் படிக்கப் பழக வேண்டும். தத்தம் ஊரின் பழைய நிலப் பதிவேடுகளைப் பார்த்து, எந்தப் புல எண் யாருக்கு ஒப்படை செய்யப்பட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அன்று பாட்டன் கைநாட்டு வைத்து இழந்த நிலத்தை, இன்று பேத்தி எழுத்தறிந்து கேட்கும் நாள் வருமாயின், அதுவே நம் கால் நூற்றாண்டு உழைப்பின் பயன் எனக் கொள்வோம்.