ஓ.ஏ.பி. பணம்: இருபது ரூபாயில் தொடங்கிய கதை

நொச்சிக்குப்பத்திலோ ஊரூர் குப்பத்திலோ 'முதியோர் உதவித்தொகை' என்று முழுப்பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ஓ.ஏ.பி. பணம் என்பார்கள். அந்தப் பணத்துக்கு அறுபது வருடத்துக்கும் மேலான சரித்திரம் உண்டு.

1962 ஏப்ரல் 1 அன்று, காமராஜர் முதல்வராக இருந்தபோது, சென்னை மாநிலத்தில் இத்திட்டம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். இதில் நாம் முதலாவது இல்லை. உத்தரப்பிரதேசம் 1957-லேயே ஆரம்பித்துவிட்டது. பிரிட்டனிலோ 1909 ஜனவரியிலேயே 70 வயதான ஏழைகள் தபால் நிலையத்தில் வாரம் 5 ஷில்லிங் வாங்கத் தொடங்கினார்கள். அதே பிரிட்டன்தான் 1947 வரை இங்கேயும் ஆண்டது. நம் ஊர்க் கிழவிகள் மட்டும் ஏனோ கண்ணில் படவில்லை!

பணம் 'ஆதரவற்றவர்'களுக்குத்தான். யார் ஆதரவற்றவர்? அங்கேதான் சிக்கல். வயது வந்த மகன் இருந்தால் ஆதரவு இருக்கிறது என்றே விதி நெடுங்காலம் கருதியது. வருமானம் இல்லை என்பதைத் தாசில்தார் அலுவலகத்தில் எப்படியாவது காட்டிவிடலாம். மகன் சோறு போடவில்லை என்பதை எந்தக் காகிதத்தில் காட்டுவது? காட்டத்தான் எந்தத் தாய்க்கு மனசு வரும்?

1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தனித் திட்டங்கள் வந்தன.

அடுத்த கட்டத்துக்கு அடையாறு காந்தி நகருக்குப் போக வேண்டும். அங்குள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர் எஸ். குஹன், தமிழக அரசின் நிதிச் செயலராகவும் பணியாற்றியவர். முதியோர் பென்ஷன், மகப்பேறு உதவி, சம்பாதிப்பவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி ஆகியவற்றை நாடு முழுவதற்கும் கொடுக்க முடியும் என்று 1990-களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டு எழுதினார். 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்திலும் இதே மூன்று உதவிகள்தான் இருந்தன. முதியோருக்கு மத்திய அரசு கொடுத்தது மாதம் 75 ரூபாய். அது பிறகு 200 ஆகி, பல வருடங்கள் அசையவே இல்லை. தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து மொத்தத் தொகையை 2011-ல் 1000 ரூபாயாகவும், 2023-ல் 1200 ரூபாயாகவும் உயர்த்தியது.

முன்பு இந்தப் பணம் மணியார்டராக வந்தது. தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எண்ணிக் கொடுக்கும்போது அவருக்கும் ஏதோ கொஞ்சம் போகும்; அது ஊரறிந்த வழக்கம். பிறகு வங்கிக் கணக்கும் கைரேகை இயந்திரமும் வந்தன. அந்த இடைக்கழிவு குறைந்தது உண்மைதான். ஆனால் ஆயுள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் 'இல்லை' என்றால் பாட்டி மறுநாளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.