மின்வடக் காப்பில் நீர் மரங்கள்

நிலத்தடி மின்வடங்களின் பாலிஎத்திலீன் காப்பில் ஈரமும் மின்புலமும் சேர்ந்து உண்டாக்கும் கிளைவடிவச் சிதைவு 'நீர் மரம்' எனப்படும். 30, 40 ஆண்டுகள் உழைக்கும் என நம்பிப் புதைக்கப்பட்ட பல வடங்கள் அதில் பாதிக் காலம்கூடத் தாங்காமல் பழுதடைந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

தாளிலிருந்து நெகிழிக்கு

1890ஆம் ஆண்டையொட்டி, லண்டனின் டெப்ட்ஃபோர்ட் மின்நிலையத்திலிருந்து 10,000 வோல்ட் மின்சாரத்தை நகருக்குள் கொண்டுவர, செபாஸ்டியன் டி ஃபெராண்டி மெழுகில் ஊறிய தாளைக் காப்பாகப் பயன்படுத்தினார். அவ்வடங்களில் சில 1933 வரை பணியில் இருந்தன. பின்னர் எண்ணெயில் ஊறிய தாளும், ஈரம் புகாதிருக்க அதன்மேல் ஈய உறையும் வழக்கமாயின. இத்தகைய வடங்கள் நீடித்து உழைத்தன. ஆனால் எடை மிகுந்தவை; இணைப்பதற்குத் தேர்ந்த கைகள் வேண்டும்.

1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீன் வளிமத்தை மிகை அழுத்தத்தில் சோதித்தபோது மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே பாலிஎத்திலீன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் வடங்களுக்கு இது பெரிதும் உதவியது. சூட்டில் இளகுவது இதன் குறை. 1950களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில், பெராக்சைடு சேர்த்து மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் முறை உருவானது. இந்தக் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் 90 பாகை செல்சியசில் தொடர்ந்து இயங்கும். குறுக்குச் சுற்றின்போது சில நொடிகள் 250 பாகையையும் தாங்கும்.

தவறிய கணிப்பு

ஆய்வகத்தில் மெல்லிய பாலிஎத்திலீன் படலம் மில்லிமீட்டருக்குச் சில நூறு கிலோவோல்ட் வரை தாங்கும். நடுத்தர மின்னழுத்த வடத்திலோ மில்லிமீட்டருக்கு 2 அல்லது 3 கிலோவோல்ட் அளவே மின்புலம் நிலவும். நீரையும் இந்நெகிழி எளிதில் உறிஞ்சுவதில்லை. எனவே ஈய உறை தேவையில்லை என்று கருதினர். 1960களில் அமெரிக்கக் குடியிருப்புப் பகுதிகளில் வெளியுறையே இல்லாத வடங்கள் நேரடியாக மண்ணில் புதைக்கப்பட்டன.

1969இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாஷிட்டா, நீரில் மூழ்கிய பாலிஎத்திலீன் கம்பிகளின் காப்பில் மரவடிவச் சிதைவைக் கண்டு அறிவித்தார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோண்டியெடுக்கப்பட்ட வடங்களிலும் அதுவே தென்பட்டது.

இரு வகை மரங்கள்

'மின் மரம்' என்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. கூரிய முனை அல்லது வெற்றிடம் உள்ள இடத்தில் மின்புலம் குவிந்து, பகுதி மின்னிறக்கம் நிகழ்ந்து, காப்பை அரித்து உள்ளீடற்ற குழாய்களை உண்டாக்கும். இது தோன்றியபின் முறிவு விரைவில் நேரும்.

நீர் மரம் வேறுவகை. மிகக் குறைந்த மின்புலத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். நுண்ணிய நீர்த்துளிகளின் தொகுதியே அதன் உடல். காப்பைச் சீவி உலர்த்தினால் மரம் கண்ணுக்கு மறையும். வெந்நீரில் இட்டால் மீண்டும் தெரியும். மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றியே அதை நிலையாகப் பார்க்க முடிந்தது. நீர் மரம் காப்பின் பெரும்பகுதியைக் கடந்தாலும் வடம் உடனே முறிவதில்லை. மின்னல் போன்ற திடீர் மிகையழுத்தம் வரும்போது, நீர் மரத்திலிருந்து மின் மரம் கிளைத்து வடத்தை முறிக்கிறது.

தீர்வுகள்

தொடக்ககால உற்பத்தியில் நீராவி கொண்டு பிணைப்பு நிகழ்த்தியதால் காப்புக்குள்ளேயே ஈரமும் நுண்துளைகளும் தங்கின. அதற்கு மாற்றாக நைட்ரசன் சூழலில் உலர்முறை வந்தது. காப்பையும் அதன் இருபுற அரைகடத்திப் படலங்களையும் ஒரே வேளையில் வார்க்கும் முறையும், தூய மூலப்பொருளும், வெளியுறையும் கட்டாயமாயின. 1980களில் நீர் மர வளர்ச்சியைத் தடுக்கும் கலவைகள் விற்பனைக்கு வந்தன. பழைய வடங்களின் கம்பி இழைகளுக்கிடையே சிலிக்கோன் திரவத்தைச் செலுத்திச் சீர்செய்யும் முறையும் உண்டு.

சோதனை முறையும் மாறியது. தாள் வடங்களுக்கு ஏற்றதாயிருந்த உயர் நேர்மின்னழுத்தச் சோதனை, முதுமையடைந்த நெகிழி வடங்களில் மின்னூட்டத்தைத் தேக்கிச் சேதப்படுத்துவது தெரியவந்தது. இன்று 0.1 ஹெர்ட்சு போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட மாறுமின்னழுத்தச் சோதனை பரவலாக உள்ளது.

இப்பாடங்களின் பயனாக, 2000ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள 5,00,000 வோல்ட் நிலத்தடி வழி இதே நெகிழிக் காப்புடன் இயங்கத் தொடங்கியது. ஒரு பொருள் ஆய்வகத்தில் காட்டும் வலிமை வேறு, ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் காட்டும் வலிமை வேறு என்பதே நீர் மரங்களின் வரலாறு பொறியாளர்களுக்கு உணர்த்திய உண்மை.