குடிநோயும் ஏ.ஏ. கூட்டமும்: முதல் நாள் போகிறவருக்கு

தவக்காலத்தின் நாற்பது நாளும் மதுவைத் தொடாமல் இருப்பவர்கள் நம் பங்குகளில் பலர் உண்டு. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்களில் சிலர் உயிர்ப்பு ஞாயிறு மதியமே விட்ட இடத்தில் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். "நாற்பது நாள் நிறுத்தினேனே, நான் எப்படிக் குடிகாரன் ஆவேன்?" என்ற கேள்வி அடுத்த தவக்காலம் வரை அவர்களுக்குக் கவசமாகிறது. வேளாங்கண்ணியில் செய்த சத்தியமும், பிள்ளையின் தலையில் கைவைத்துச் செய்த சத்தியமும் இப்படித்தான் முறிகின்றன. வீட்டில் இருப்பவர்கள் அதை ஏமாற்று என்று நினைத்து உடைந்து போகிறார்கள். மருத்துவ உலகமோ அதை நோய் என்கிறது. காய்ச்சல்காரரிடம் சத்தியம் வாங்கிக் காய்ச்சலை இறக்க முடியுமா?

குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன், அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவருமே குடிநோயாளிகள். அக்காலத்தில் இத்தகையோரை மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்நகரின் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்த அருட்சகோதரி இக்னேஷியா, 1939-இல் டாக்டர் பாப் அழைத்து வந்த ஒருவரை "இரைப்பை அழற்சி" என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்தார். இன்று நம் வீடுகளிலும் "அல்சர்" என்று சொல்லித்தானே மறைக்கிறோம்! நோயாளி வீடு திரும்பும்போது இயேசுவின் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிக்க நினைத்தால் அதற்கு முன் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பாராம். டாக்டர் பாப் இறந்த 1950-க்குள் அங்கே ஏறக்குறைய 5,000 பேர் சிகிச்சை பெற்றார்கள். பரங்கிமலையில் புனித தோமாவின் ஆலயத்தைப் பார்த்தபடி வாழும் நங்கநல்லூர்க்காரர்களுக்கு அந்த மருத்துவமனையின் பெயர் அந்நியமாகத் தோன்றாது.

நங்கநல்லூரில் ஒருவர் இந்த முடிவுக்கு வந்துவிட்டால் எங்கே போவது? தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால் முதலில் மருத்துவரிடம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். திடீரென்று நிறுத்தும்போது கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "அறைக்குள் பூட்டி வைத்தோம், தானாகத் தெளிந்துவிடும்" என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அடையாறை அடுத்த இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை உள்ளது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் மருத்துவமனை அது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

கூட்டம் நடக்கும் இடத்தை மருத்துவமனையின் ஆலோசகரிடமோ ஏ.ஏ. அமைப்பிடமோ கேட்கலாம். நேரமும் அறையும் அவ்வப்போது மாறும் என்பதால் போகும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. வீட்டுக்கு அருகில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதில் தவறில்லை. பழவந்தாங்கலில் மின்சார ரயிலோ, நங்கநல்லூர் சாலை நிலையத்தில் மெட்ரோவோ ஏறி வேறு பகுதிக் கூட்டத்திற்குப் போங்கள். தெரிந்த முகம் அங்கேயும் இருந்தால்? அவரும் அதே காரணத்திற்காகத்தான் வந்திருக்கிறார்.

பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி வகுப்பறை அல்லது ஆலய வளாகத்து அறை. இடம் ஆலயத்தினுடையது என்பதற்காகக் கூட்டம் ஆலயத்தினுடையது ஆகிவிடாது. எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். கடவுள் என்று அவர்கள் சொல்வது அவரவர் உணர்ந்த கடவுளை. கட்டணமில்லை. வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே தங்களால் முடிந்ததைப் போடுகிறார்கள். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். பெயர் மட்டும் சொன்னால் போதும், அதுவும் விரும்பினால். "வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன்" என்று அங்கே யாரும் கேட்டு வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் என்பதுதான் கணக்கு. இடையில் தவறிக் குடித்துவிட்டவர் அடுத்த வாரம் வந்தால் அவருக்கும் நாற்காலி போடப்படும். பெண்களும் வரலாம், அவர்களுக்குத் தயக்கம் இன்னும் அதிகம் என்பதை நாம் அறிவோம்.

அவர் வர மறுத்தால்? மனைவியோ தாயோ காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தாருக்கென்றே 1951-இல் அல்-அனான் தொடங்கப்பட்டது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். குடிப்பவரைத் திருத்துவது எப்படி என்று அங்கே கற்பிப்பதில்லை. பாட்டிலை ஒளித்து வைப்பது, அலுவலகத்திற்கு "உடம்பு சரியில்லை" என்று போன் செய்வது, அவர் வாங்கிய கடனை அடைப்பது ஆகியவற்றிலிருந்து முதலில் தான் விடுபடக் கற்றுக்கொள்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் இதைப் பேச முடியாமல் தவிக்கும் பெண்கள் எத்தனை பேர்!

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். தேநீர் குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் தம் தொலைபேசி எண்ணை எழுதித் தருவார். மாலையில் வேலை முடிந்து மதுக்கடை இருக்கும் தெருவைக் கடக்கும்போது அழைப்பதற்கான எண் அது.