சேம அச்சு முதல் ஈயத் தாங்கி வரை

புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் ஓர் அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு வணிகராகிய உமணர், வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடிமரத்தில் கட்டிச் சென்ற சேம அச்சு அது. வகுப்பில் இப்பாட்டை நடத்தும் நம்மிற் பலர் உவமை நயத்தோடு நின்றுவிடுகிறோம். ஆனால், அதனுள் ஒரு தொழில் வரலாறும் அடங்கியிருக்கிறது. அச்சு தேயும், முறியும். நடுவழியில் தச்சனைத் தேடி ஓட இயலாது. வண்டி ஓட்டுபவனே மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த அறிவு சங்ககாலத்து வண்டிக்காரனுக்கு இருந்தது.

அந்த உமணரின் வழித்தோன்றல்கள் என்று சிலரை நாம் இன்றும் சுட்டலாம். பழைய மோட்டார் வண்டியைத் தம் வீட்டு முகப்பிலேயே நிறுத்தி, எஞ்சினில் தேய்ந்துபோன பேரிங்குகளைத் தம் கையாலேயே மாற்றிக்கொள்வோரே அவர்கள். இந்த வேலை ஒரு காலத்தில் தேர்ந்த கைவினைஞர் மட்டுமே செய்யக்கூடியதாக இருந்தது. அது இல்லத்தார் கைக்கு எட்டிய கதையில், நம் பேராக் மண்ணுக்கும் பங்குண்டு.

தாங்கியின் தன்மை

கட்டைவண்டியில் சக்கரத்தின் குடம் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே வைக்கோற் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையைத் தடவுவார்கள். மோட்டார் எஞ்சினிலும் அடிப்படை இதுவே. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, கனெக்டிங் ராடு அந்த ஓட்டத்தைக் கிராங்க் ஷாப்ட் என்னும் வளைதண்டுக்குக் கடத்துகிறது, தண்டு சுழல்கிறது. நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்றுச் சுழலும் அத்தண்டை இரும்பு இரும்பாகவே தாங்கினால், சிறிது நேரத்தில் இரண்டும் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஆகவே, இடையில் மென்மையான உலோகத்தாலான ஒரு தாங்கியை வைத்து, அதற்குள் எண்ணெயைச் செலுத்துகிறார்கள். இதுவே பேரிங்.

எண்ணெய் செய்யும் வேலையை உலகம் தற்செயலாகவே அறிந்தது. இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்னும் பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்து, 1883இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தாங்கியின் மேற்புறத்தில் அவர் ஒரு துளையிட்டார். அதன் வழியே எண்ணெய் பொங்கி வழிந்தது. மரத்தக்கை கொண்டு அடைத்தார். அச்சுச் சுழலச் சுழல, எண்ணெய் அத்தக்கையையே வெளியே தள்ளியது. தண்டு தாங்கியின்மேல் உரசவில்லை, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது என்பது அப்போது புலனாயிற்று. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழற்சி நின்றால் படலம் நிற்பதில்லை. ஆதலின் வண்டியைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. தேய்மானத்தின் பெரும்பகுதி அப்போது நிகழ்வதே.

ஈயச் சொம்பும் எஞ்சினும்

தாங்கிக்குரிய உலோகத்தைக் கண்டவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான ஐசக் பாபிட். மென்மையான உலோகத்தை உட்புறத்தில் வார்த்த தாங்கிக்கு 1839இல் அவர் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கும் கலவையின் பெயர்பெற்ற வகையொன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு வெள்ளீயம். எஞ்சியவை ஆண்டிமனியும் செம்பும். மெத்தென்ற ஈயத்துக்குள் கடினமான சிறு படிகங்கள் பதிந்திருக்கும். படிகங்கள் பாரத்தைத் தாங்கும். ஈயமோ எண்ணெயோடு வரும் மணலையும் இரும்புத் துகளையும் தன்னுள் புதைத்துக்கொண்டு, தண்டில் கீறல் விழாமற் காக்கும்.

இதனினும் பெரிய குணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு இல்லங்களில் ஈயச் சொம்பில் இரசம் வைக்கும் பெண்மணிகள் அதனை நன்கறிவார்கள். சொம்பில் நீர் இருக்கும்வரை அடுப்பில் நிற்கும். வற்றினால் சொம்பே உருகிவிடும். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகுவது. எஞ்சினில் எண்ணெய் வற்றினாலும் இதுவே நிகழும். தாங்கியின் ஈயம் உருகி வழியும். எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்த ஓசை கேட்டு உடனே நிறுத்தினால் விலையுயர்ந்த தண்டு பல வேளைகளில் பிழைத்துக்கொள்ளும். பெரியதைக் காக்கத் தான் அழியும் சிறியது தாங்கி. தேய்வதற்கென்றே அது படைக்கப்பட்டது. தேய்மானம் அதன் குறையன்று, கடமை.

கிந்தா தந்த செல்வம்

இந்த வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியை மலாயா தந்தது. அந்த மலாயாவில் வளம் மிக்க வயல் கிந்தாப் பள்ளத்தாக்கு. ஈப்போவைச் சுற்றியிருந்த ஈய லம்பங்களில் எடுத்த தாது, பினாங்கிலும் சிங்கப்பூரை அடுத்த புலாவ் பிரானியிலும் உருக்கப்பட்டுக் கப்பலேறியது. அதில் பெரும்பகுதி தகரப் பூச்சுக்கும் பற்றாசுக்கும் சென்றது. ஒரு பகுதி தாங்கிகளாயிற்று. 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி வண்டியின் தாங்கிகள் இவ்வகையில் வார்த்தவையே. நம் மண்ணிலிருந்து போன ஈயத்தின் ஒரு பங்கு, எஞ்சினுக்குள் ஒளிந்துகொண்டு மீண்டும் நம் சாலைகளுக்கே வந்திருத்தல் கூடும்.

1985இல் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டப்பட்ட பெரிய ஈயக் கப்பல் ஒன்று காட்சிப் பொருளாக நிற்கிறது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், இங்கெடுத்த ஈயம் என்னவாயிற்று என்பதையும் கூறுதல் நலம்.

வார்த்தவர்களும் சுரண்டியவர்களும்

பழைய முறையில் தாங்கியைப் புதுப்பிப்பது எளிய செயலன்று. தேய்ந்த ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, கூட்டைத் துலக்கி, பாத்திரத்திற்குப் பூசுவதுபோல் முதலில் மெல்லிய ஈயப் பூச்சிடுவார்கள். நடுவில் தண்டின் அளவுள்ள உருளையை நிறுத்தி, உருகிய கலவையை ஒரே ஊற்றில் வார்ப்பார்கள். ஆறிய பின்னரே நுட்பமான பணி தொடங்கும். தண்டில் நீல மை தடவித் தாங்கியில் வைத்துச் சுழற்றுவார்கள். நீலம் பட்ட இடமெல்லாம் மேடு. அம்மேட்டைச் சுரண்டியால் மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவார்கள். நீலம் எங்கும் ஒரு சீராகப் படியும்வரை இப்பணி தொடரும்.

ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் உருளைகளைச் சுழற்றிய எஞ்சின்களையும், சரக்கேற்றிய லாரிகளையும் ஓடவைத்தவர்கள் பிட்டர்கள். 1942 பிப்ரவரி 15இல் ஆங்கிலேயர் சரணடைந்தது சிங்கப்பூர் ஃபோர்டு தொழிற்சாலையில் என்பதை நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அதன்பின் மூன்றரை ஆண்டுகள், மேல்நாட்டு உதிரிப் பாகங்கள் கடல்கடந்து வரும் வழி அடைபட்டிருந்தது. உருக்கி மீண்டும் வார்க்கக்கூடிய தாங்கியின் அருமை அத்தகைய காலத்திலேதான் விளங்கும்.

முற்றத்துக்கு வந்த வேலை

1930களில் வேறொரு முறை பரவலாயிற்று. எஃகுத் தகட்டின்மேல் மெல்லிய தாங்கி உலோகத்தைப் படியவைத்து, இரண்டு அரைவட்ட ஓடுகளாகத் தொழிற்சாலையிலேயே அளவாகச் செய்து அனுப்பினார்கள். 1950களில், அலுமினியத்தோடு நூற்றுக்கு 20 பங்கு வெள்ளீயம் கலந்த ஓடுகளும் உருவாயின. வார்ப்பும் சுரண்டலும் வேண்டாதனவாயின. பல பழைய வண்டிகளில் எஞ்சினை இறக்காமலே, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, கனெக்டிங் ராடின் ஓடுகளை மாற்றலாம்.

ஆயினும், கைத்திறன் போன இடத்தில் அளவறிவு வந்து அமர்ந்தது. தண்டுக்கும் ஓட்டுக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையே இருக்கலாம். மெழுகிழை போன்ற ஒன்றை இடையில் வைத்து இறுக்கி, அது நசுங்கிய அகலத்தைக் கொண்டு அதனை அளக்கிறார்கள். ஒவ்வொரு மூடிக்கும் அதற்குரிய ராடும் திசையும் உண்டு. கழற்றும்போதே அடையாளமிட வேண்டும். தண்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், புதிய ஓடு மட்டும் பயன் தராது. தண்டைப் பட்டறையிற் கடைந்து, அதற்கேற்பத் தடித்த ஓடுகளைப் பூட்டவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுத்தல் உயிருக்கே கேடு.

கழற்றிப் பார்த்துக் கற்பது இழிவன்று. கோவையின் ஜி. டி. நாயுடு, உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் பயின்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவரும், 1937இல் மின்மோட்டார் செய்தவரும் அவரே. பள்ளிப் படிப்பு அவருக்குச் சிறிதே. கண்ணும் கையும் கற்றவை பெரிது.

ஆசிரியர் கடன்

மலாயாத் தமிழர் வரலாறு எழுதுவோர் பால்மரத்தையும் தண்டவாளத்தையும் எழுதுகிறார்கள். பிட்டரை எழுதுவோர் அரியர். அவருடைய அறிவு ஏட்டில் இல்லை. விரல் நுனியிலும் செவியிலும் இருந்தது. எஞ்சின் தட்டும் ஓசையைக் கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்ததென்று சொன்னவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புகளாக மாறியும் போன பின், பட்டணத்து ஓரங்களில் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் வழங்கிய சொற்களும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

வள்ளுவர், உருவம் சிறிதென்று இகழாமைக்கு அச்சாணியைச் சான்று காட்டினார். அக்குறளை மனப்பாடம் செய்விக்கும் நாம், நம் ஊரில் எஞ்சியுள்ள பிட்டர் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து, தேய்ந்த ஓடு ஒன்றை மாணவர் கையிற் கொடுத்து, அவர் சொல்வதை ஏட்டில் எழுதிக்கொள்ளச் செய்வோமாக. குறளுக்கு அதனினும் நல்ல உரை வேண்டியதில்லை.