ஒரே ஒரு புடவை

சுகாதாரத்தைப் பற்றி உபதேசம் செய்வதைப் போல் சுலபமான காரியம் வேறு இல்லை. நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள குடிசைப் பகுதியில் ஒரு கூட்டம். எழுத்தாளன் என்பதற்காக என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியைத் துவைத்து உடுத்துங்கள் என்று அரை மணி நேரம் பொழிந்து தள்ளினேன். இறங்கி வரும்போது ஒரு கிழவி வழிமறித்தாள்.

“எல்லாம் சரிதான் ஐயா. மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருது; வீட்டுக்கு நாலு குடம். அதிலே சோறு பொங்கறதா, துணி துவைக்கறதா?”

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அலமாரியிலிருந்து ‘சத்திய சோதனை’யை எடுத்தேன். முன்பே படித்த புத்தகந்தான். ஆனால் சம்பாரண் அத்தியாயங்களை அன்றுதான் உண்மையாகப் படித்தேன்.

பீகாரின் வடகோடியில் நேபாளத்தை ஒட்டிய பிரதேசம் சம்பாரண். அங்கே 20 கட்டா கொண்ட ஒவ்வொரு பிகா நிலத்திலும் 3 கட்டாவில் தோட்டத் துரைக்காக அவுரி பயிரிட்டே தீர வேண்டும். 1917 ஏப்ரலில் காந்தியடிகள் போனார். 1918இல் சட்டம் வந்து அந்தக் கொடுமை ஒழிந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவுரி விசாரணைக்கு நடுவிலேயே அவர் இன்னொரு போரும் தொடுத்தார். அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கிராமங்களின் சந்துகள் குப்பைமேடாகக் கிடந்தன. கிணற்றைச் சுற்றிச் சேறும் நாற்றமும். பெரியவர்கள் உடம்பெல்லாம் சொறி சிரங்கு. 1917 நவம்பர் தொடங்கி பர்ஹர்வா லக்கன்சேன், பிதிஹர்வா, மதுபன் ஆகிய ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. குஜராத்திலிருந்து வந்த பெண்களுக்கு ஹிந்தி தெரியாது. இலக்கணம் வேண்டாம், சுத்தத்தையும் நல்ல பழக்கத்தையும் கற்றுக் கொடுங்கள், போதும் என்றார் காந்தியடிகள்.

டாக்டர் தேவ் வந்தார். அவருடைய மருந்துப் பெட்டியில் இருந்தவை மூன்றே மூன்று: விளக்கெண்ணெய், கொயினா, கந்தகக் களிம்பு! அவரும் தொண்டர்களும் தெருவைப் பெருக்கினார்கள், கிணற்றைத் தூர் வாரினார்கள், பக்கத்துக் குட்டைகளை மூடினார்கள். சில ஊர்களில் ஜனங்கள் வெட்கப்பட்டுத் தாங்களும் வேலையில் இறங்கினார்கள். சில ஊர்களில் அசையவே இல்லை.

பிதிஹர்வாவுக்கு அருகே ஒரு குக்கிராமம். பெண்கள் மிகவும் அழுக்கான உடையில் இருந்தார்கள். ஏன் துவைப்பதில்லை என்று கேட்கும்படி காந்தியடிகள் கஸ்தூரிபாவிடம் சொன்னார். அம்மையார் கேட்டதும் ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போனாள். உள்ளே பெட்டி இல்லை, அலமாரி இல்லை. உடுத்திருந்த புடவைதான் அவளுடைய ஒரே புடவை. அதைத் துவைத்துப் போட்டால் எதை உடுத்துவது? மகாத்மாவிடம் சொல்லி இன்னொன்று வாங்கித் தாருங்கள், தினமும் குளித்துச் சுத்தமாக உடுத்துகிறேன் என்றாள் அவள்.

அழுக்குக்கு அறியாமை மட்டும் காரணமல்ல. வறுமைக்கும் அதில் பங்கு உண்டு. உபதேசிக்கிறவன் முதலில் குடிசைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். கஸ்தூரிபா நுழைந்தார், நான் மேடையோடு நின்றுவிட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்!

சம்பாரண் முயற்சியும் நிலைத்துவிடவில்லை. வந்த தொண்டர்கள் குறுகிய காலத்துக்கே வந்தவர்கள். அவர்கள் போன பிறகு அந்த இடத்தை நிரப்பச் சம்பளமின்றி உழைக்க ஆள் கிடைக்கவில்லை. காந்தியடிகளையும் ஆமதாபாத்தும் கேடாவும் அழைத்துக்கொண்டன. அந்தக் குறையையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

மறுநாள் மீண்டும் அந்தக் குடிசைப் பகுதிக்குப் போனேன், பேசுவதற்காக அல்ல, தண்ணீர்க் குழாய்க்கு மனு எழுதிக் கொடுப்பதற்காக. முதல் கைநாட்டு அந்தக் கிழவியுடையது. தண்ணீர் இன்னும் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. இப்போது இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.