குருதியில் வேதி மாசுகளைக் கண்டறிதல்

குருதியில் வேதி மாசுகளைக் கண்டறிதல் என்பது, தொழிற்சாலை, வேளாண்மை, போக்குவரத்து முதலியவற்றிலிருந்து வெளிப்படும் வேதிப்பொருட்கள் மனித உடலுக்குள் எந்த அளவு சென்றுள்ளன என்பதைக் குருதி மாதிரியைக் கொண்டு அளவிடும் சோதனை முறை ஆகும். சிறுநீர், தலைமுடி, தாய்ப்பால் ஆகியவற்றையும் இவ்வாறு சோதிப்பதுண்டு. இச்சோதனைகள் பொதுவாக மனித உயிரியல் கண்காணிப்பு எனப்படும். காற்றையும் நீரையும் சோதித்தால் சூழலில் மாசு உள்ளதா என்பது தெரியும். குருதியைச் சோதித்தால் அம்மாசு மனிதருக்குள் புகுந்துள்ளதா என்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு பொருளும் குருதியில் தங்கும் காலம் வேறுபடுவதால், காலந்தாழ்த்திச் செய்யப்படும் சோதனை உண்மையைக் காட்டாது போகலாம்.

சோதிக்கும் முறை

குருதியில் உள்ள மாசுகளின் அளவு மிகச் சிறியது. ஈயத்தை ஒரு டெசிலிட்டர் குருதிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று குறிப்பர். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உலோகங்களை அணு உட்கவர் நிறமாலைக் கருவியாலும், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருட்களை வளிம நிறப்பகுப்பியுடன் இணைந்த நிறை நிறமாலைக் கருவியாலும் அளவிடலாம். மாதிரி எடுக்கும் ஊசியிலும் குப்பியிலும் அதே மாசு இல்லாதிருத்தல் வேண்டும். இல்லையெனில் முடிவு பிழையாகும்.

பொருட்களும் அவை தங்கும் காலமும்

* ஈயம்: குருதியில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எனினும் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, அங்கிருந்து மீண்டும் சிறிது சிறிதாகக் குருதிக்கு வரும்.
* பாதரசம்: ஆவியாகச் சுவாசிக்கப்பட்ட பாதரசத்தைக் குருதி சில காலமே காட்டும். தொடர்ந்து பல மாதங்கள் உட்பட்டவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனையே பொருத்தமானது. மீன் உணவிலிருந்து வரும் மெத்தில் பாதரசமும் குருதியில் காணப்படும்.
* கரிமக் குளோரின் பூச்சிக்கொல்லிகள்: டி.டி.டி. போன்றவை கொழுப்பில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கும்.
* கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள்: இவை விரைவில் சிதைந்து வெளியேறிவிடும். எனவே மருந்தை அளவிடாமல், அது முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் செயற்பாட்டை அளவிடுவர்.

கொள்கை முடிவுகளில் பயன்

ஐக்கிய அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில் மக்களின் குருதியில் ஈயத்தின் சராசரி அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதே காலத்தில் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயமும் குறைந்துவந்தது. இவ்விரண்டும் ஒத்துச் சென்றமை ஈயமற்ற பெட்ரோலுக்கு வலுவான சான்றானது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது.

காசர்கோடும் கொடைக்கானலும்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் அங்குள்ள பள்ளிச் சிறாரின் குருதியைச் சோதித்தது. மருந்து தெளிக்கப்படாத ஊரின் சிறாரோடு ஒப்பிட்டபோது, கடைசித் தெளிப்புக்குச் சில மாதங்களுக்குப் பின்னரும் இவர்களின் குருதியில் எண்டோசல்பான் கூடுதலாக இருந்தது. 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இம்மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் நிலை வேறானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டறியப்பட்டதை அடுத்து 2001ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் பலர் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தனர். உடலில் உள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறைவதால், ஆண்டுகள் கழித்து எடுக்கப்படும் குருதி அவர்கள் வேலை செய்த காலத்தின் அளவைக் காட்ட இயலாது. நோய்க்குப் பாதரசமே காரணமா என்பது பல ஆண்டுகள் வழக்காக நீடித்தது. 2016ஆம் ஆண்டு 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பாக நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சாலையால் தொழிலாளரின் உடல்நலம் கெட்டது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை.

பெரம்பலூர்

பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை மிகுதியாகப் பயிரிடப்படுகின்றன. 2017ஆம் ஆண்டு இங்குப் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த உழவர்கள் சிலர் நச்சுப் பாதிப்பால் இறந்தனர். அதே பருவத்தில் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்திலும் இவ்வாறு பலர் இறந்தனர்.

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 37ஆம் விதி, மருந்து தெளிக்கும் பணியில் அமர்த்தப்படுவோருக்கு முன்கூட்டியும் பின்னர் காலாண்டுக்கு ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. மாதந்தோறும் கோலினெஸ்டரேஸ் சோதனை என்பதோ, கரிமப் பாஸ்பரஸ் மற்றும் கார்பமேட் மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளருக்கு மட்டுமே உரியது. தம் சொந்த வயலில் தெளிக்கும் உழவருக்குப் பணியமர்த்துவோர் எவரும் இல்லாததால் இவ்விதி அவரைச் சென்றடைவதில்லை.

இந்நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே தெளிப்புப் பருவம் தொடங்கும் முன் ஒரு முறை சோதித்து அடிப்படை அளவைக் குறித்துவைத்தால்தான் பின்னர் ஏற்படும் குறைவைச் சரியாக அறியலாம். கலிபோர்னியா மாநிலத்தில் இது அடிப்படை அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழ் குறைந்தால் வேலை முறையை ஆராய வேண்டும் என்பது விதி. கார்பமேட் மருந்துகளால் முடங்கும் நொதி சில மணி நேரத்திலேயே மீள்வதால், அவற்றுக்கு உடனடிச் சோதனையே பயன்படும்.

அரியலூர்

அரியலூர் 2001ஆம் ஆண்டு பெரம்பலூரிலிருந்து பிரிந்து, மறு ஆண்டு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக உள்ளது. இங்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிகுதி. இவற்றின் முதன்மை மாசு தூசியாகும். தூசியும் அதில் உள்ள சிலிக்காவும் பாதிப்பது நுரையீரலை. அதனைக் காட்டும் வழக்கமான குருதிச் சோதனை எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்-கதிர்ப் படமும், மூச்சை ஊதி அளவிடும் நுரையீரல் செயற்பாட்டுச் சோதனையும் இதற்கு உரியவை. குருதி இயல்பாக உள்ளது என்னும் முடிவைக் கொண்டு தூசியால் பாதிப்பில்லை எனக் கொள்ளுதல் கூடாது.

முடிவுகளைப் பொருள் கொள்ளுதல்

குருதியில் ஒரு மாசு இருப்பது நோய் இருப்பதைக் குறிக்காது. இல்லாமை கடந்த காலத்தில் நுழையவில்லை என்பதையும் குறிக்காது. மாதிரி எடுத்த நாள், கடைசியாக மாசுக்கு உட்பட்ட நாள், செய்யும் தொழில், உணவு ஆகியவற்றைச் சேர்த்தே முடிவைப் படிக்க வேண்டும். ஒரு ஊரைச் சோதிக்கும்போது அதே போன்ற, மாசற்ற வேறொரு ஊரையும் சோதித்தல் இன்றியமையாதது. சோதிக்கப்படுவோரின் ஒப்புதலைப் பெறுவதும், முடிவை அவர்களுக்குப் புரியும் மொழியில் தெரிவிப்பதும் ஆய்வாளரின் கடமைகளாகும்.